சொந்த வீட்டுக்குக் கேட்காத குரைப்பு

பக்கத்து வீட்டு நாய் ஓயாமல் குரைப்பதால் எழும் பூசலைக் காவல் நிலையங்கள் சில்லறைப் புகாராகவே எண்ணுகின்றன. பெரும்பாலும் அது சில்லறையாகவே முடிந்தும் விடுகிறது. எப்போதும் அப்படி முடிவதில்லை. 2023 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டம் தாடிக்கொம்பு அருகே, பக்கத்து வீட்டாரின் நாயைப் பெயர் சொல்லாமல் 'நாய்' என்று குறிப்பிட்டதில் மூண்ட தகராறில் முதியவர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில், நடைக்குக் கூட்டிச் சென்ற இரண்டு நாய்கள் சண்டையிட்டதில் வாய்த்தகராறு தொடங்கியது. அது முற்றி, காவலாளி ஒருவர் தன் வீட்டு மாடியிலிருந்து துப்பாக்கியால் சுட, இருவர் இறந்தனர். இரண்டு இடங்களிலும் நாய் ஒரு முகாந்தரம் மட்டுமே. அதற்கு முன்பே இரு வீட்டாருக்கும் இடையே பேச்சு கெட்டிருந்தால், ஒரு சொல் போதும்.

எந்த நாயும் குரைக்கும். பால்காரர் வந்தால் நாலு குரல், வேறொரு நாய் தெருவைக் கடந்தால் பத்துக் குரல் என்பதெல்லாம் தொல்லைக் கணக்கில் சேராது. ஒரே வீச்சில் அரை மணி, முக்கால் மணி என்று நீள்வது, நாள் தவறாமல் அதே பொழுதில் திரும்ப வருவது, உறக்கத்தைக் குலைப்பது ஆகியவைதாம் தொல்லை. ஜெர்மனியின் கொலோன் நகர உயர் நீதிமன்றம் 1993இல் இதற்கு அளவே வகுத்தது: தொடர்ச்சியாக 10 நிமிடத்துக்கு மேலும், நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடத்துக்கு மேலும் குரைப்பு கேட்கக் கூடாது, பிற்பகல் 1 மணி முதல் 3 வரையிலும், இரவு 10 முதல் காலை 6 வரையிலும் கேட்கவே கூடாது. நாய்க்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும் என்று நீதிபதிகள் நம்பியிருக்க மாட்டார்கள். உத்தரவு நாயை வைத்திருப்பவருக்கு.

ஓநாய்க் குட்டி குரைக்கும். வளர்ந்த ஓநாய் அரிதாகவே குரைக்கும். நாயோ ஆயுள் முழுக்கக் குரைக்கிறது. மனிதரோடு சேர்ந்து வாழ்ந்ததில் பெருகிய குரல் இது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஹங்கேரியின் ஏட்வேஷ் லோரண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் பொங்ராட்ஸ் குழுவினர், அந்நாட்டு மேய்ப்பு நாயினமான 'முடி'யின் குரைப்புகளைப் பல சூழல்களில் பதிவு செய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினர். அந்நியர் வந்தபோது எழுந்த குரல் எது, தனியே கட்டிப் போட்டபோது எழுந்த குரல் எது, விளையாட்டில் எழுந்தது எது என்று கேட்டபோது, நாயே வளர்த்திராதவர்கள்கூடக் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட அதிகமாகவே சரியாகச் சொன்னார்கள். 2005இல் வெளியான இந்த ஆய்வு, தொல்லைப்படுகிறவருக்கும் ஒரு கருவியைத் தருகிறது. கனத்த குரலில், இடைவெளி இல்லாமல், கேட்டை நோக்கிப் பாய்ந்து குரைத்தால் யாரையோ பார்த்துக் குரைக்கிறது. மெல்லிய குரலில், விட்டு விட்டு, இடையிடையே ஊளையோடு ஒரு மணி நேரம் இழுத்தால் அது தனியே கிடக்கிறது. இரண்டுக்கும் தீர்வு வேறு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கொண்டுபோகும் புகார், 'உங்க நாய் கத்துது' என்பதைத் தாண்டி எதையும் சொல்வதில்லை.

திருத்தணி போன்ற ஊரில் முதல் வகைக் குரைப்புக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆண்டுக்கு 365 நாள் என்பதுபோல் 365 படிகள் கொண்ட மலைக்கோயிலின் அடிவாரத்தில் அந்நியர் நடமாட்டம் ஓய்வதே இல்லை. மாதந்தோறும் கிருத்திகைக்குக் கூட்டம் வருகிறது. ஆடிக் கிருத்திகைக்குத் தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் லட்சக்கணக்கானோர் பூக்காவடியும் பம்பையும் அரோகரா முழக்கமுமாக வந்து சேர்கிறார்கள். டிசம்பர் 31 இரவு திருப்படித் திருவிழா முடிந்து, நள்ளிரவு தாண்டியும் தெருக்களில் பக்தர்கள் நடக்கிறார்கள். வாசலைக் கடக்கும் ஒவ்வொருவரும் நாயின் கணக்கில் விரட்டப்பட வேண்டிய ஆள். குரைத்தது, ஆள் போய்விட்டார். அவர் எப்படியும் போகத்தான் போகிறார் என்பது நாய்க்குத் தெரியாது. தன் குரைப்பால்தான் போனார் என்று அது முடிவு கட்டுகிறது. இந்த வெற்றி ஒரு நாளில் நூறு முறை கிடைத்தால் பழக்கம் இறுகுவது இயற்கை. கம்பிக் கேட்டுக்குப் பின்னால் கட்டப்பட்ட நாய் இந்த ஊரில் அதிகம் குரைப்பதற்கு அதன் குணத்தைவிட அது கட்டப்பட்ட இடமே பெரிய காரணம்.

அடுத்த காரணம் வெயில். கோடையில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்களின் பட்டியல் நாளிதழில் வரும்போது திருத்தணியின் பெயர் அதில் இல்லாமல் இருப்பது அபூர்வம். காலையில் நிழலாக இருந்த மொட்டை மாடி மூலை பதினோரு மணிக்குக் கொதிக்கும் தளமாகிவிடுகிறது. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்தால் அதை நிமிர்த்த ஆளில்லை. அங்கே சங்கிலியில் கிடக்கும் நாயின் குரைப்பு முறையீடு. அதே வெயிலால் அண்டை வீட்டாரும் சன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள், அல்லது மாடியில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். ஆகவே, நாய் அதிகம் குரைக்கும் பருவமும் அது அதிகம் காதில் விழும் பருவமும் ஒன்றாகவே வந்து வாய்க்கின்றன.

இனமும் சிறிது பேசும். 'பாமரேனியன்' என்ற பெயரில் இங்கே வீட்டுக்கு வீடு வளரும் வெள்ளைக் குட்டை நாய் பெரும்பாலும் இந்திய ஸ்பிட்ஸ். சிறு அசைவுக்கும் குரல் கொடுப்பது அந்த வகையின் சுபாவம். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் ஓடுவதற்கும் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை. பத்துக்குப் பத்து முன்வாசலில் அவற்றை அடைத்தால் ஓட்டத்தில் தீர வேண்டிய தெம்பு தொண்டையில் தீர்கிறது. கிழநாய்க்கு வலியோ மறதியோ இருக்கலாம். பெட்டை பருவத்துக்கு வந்த இரண்டு, மூன்று வாரங்களில் தெரு நாய்கள் வாசலில் முகாமிடும். உள்ளும் புறமுமாகக் கச்சேரி நடக்கும்.

இவற்றையெல்லாம் சொன்னாலும், பூசலின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. நாய் வைத்திருப்பவருக்கு அந்தக் குரைப்பு பெரும்பாலும் கேட்பதில்லை. திருத்தணியிலிருந்து விடியற்காலைப் புறநகர் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர் வீடு திரும்ப இரவாகிவிடும். அவர் காண்பதெல்லாம் வாலாட்டி ஓடிவரும் ஓர் அன்பான பிராணி. அவர் போன பத்தாம் நிமிடத்தில் தொடங்கி மதியம் வரை நீண்ட ஊளை அவருக்குத் தெரியாது. யாராவது சொன்னால் மிகைப்படுத்துவதாகவே தோன்றும். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை வட்டாரத்தில் விசைத்தறி ஓடும் வீடுகளில் ஆள் உள்ளேயே இருந்தாலும் தறிச் சத்தத்தில் குரைப்பு எடுபடாது. எப்போதும் வீட்டிலேயே இருப்பவருக்கோ காது பழகிவிடுகிறது. மேலும், சொந்த நாயின் குரைப்பு காவலின் சத்தம்; அதே குரைப்பு சுவருக்கு அப்பால் தொல்லையின் சத்தம். கேட்டும் கேட்காதவர்போல் இருக்கிறார் என்ற முடிவோடு பேசப் போகிறவருக்கும், ஒன்றுமே தெரியாமல் கதவைத் திறக்கிறவருக்கும் இடையே சண்டை மூள நேரம் ஆகாது. இவ்விஷயத்தில் மரியாதை என்பது குழைந்து பேசுவதைக் குறிக்காது. எதிரே நிற்பவரிடம் இல்லாத தகவலை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதையே குறிக்கும்.

ஆகவே முதல் வேலை குறிப்பு எடுப்பது. ஒரு வாரம், நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் போதும்: எந்தக் கிழமை, எப்போது தொடங்கியது, எப்போது ஓய்ந்தது, வாசலில் ஆள் இருந்தார்களா, வீட்டார் இருந்தார்களா. ஆஸ்திரேலியாவில் பல உள்ளாட்சிகள் இத்தகைய நாள்குறிப்பு இல்லாமல் குரைப்புப் புகாரை மேற்கொண்டு விசாரிப்பதில்லை. குறிப்பு எடுப்பதில் இன்னொரு பயனும் உண்டு. ராத்திரி முழுக்கக் குரைக்கிறது என்று நம்பியவர், உண்மையில் அது நான்கே முக்காலுக்குப் பால் வண்டி வரும்போது தொடங்கி இருபது நிமிடம் மட்டுமே என்று கண்டுகொள்வது நடக்கிறது. சில வேளைகளில் குரைப்பது அந்த வீட்டு நாயே இல்லை என்றும் தெரியவரும்.

பேச வேண்டிய நேரம் நாய் குரைக்காத நேரம். நள்ளிரவு இரண்டு மணிக்குத் தூக்கம் கெட்ட கோபத்தோடு கேட்டைத் தட்டுவதைவிட மோசமான தொடக்கம் இல்லை. வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும், வீட்டில் உறவினர் கூடியிருக்கும்போதும் தவிர்ப்பது நல்லது. விருந்தாளி முன்னால் கேட்ட குறை, குறையாக இராது; அவமானமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மாலை, வாசலில் தண்ணீர் தெளிக்கும் பொழுது, இது போதும். நாயின் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவரிடம் பேச வேண்டும். பல வீடுகளில் நாயைக் கொண்டுவந்தவன் கல்லூரி போகும் மகன். சோறு வைப்பதும் வாசல் பெருக்குவதும் அம்மா. மகனிடம் மட்டும் சொன்னால் செய்தி வீடு சேராது.

திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டமும் படாஸ்கர் பரிந்துரையும் அதைத் தமிழகத்தோடு சேர்த்தன. சுவர்கள் மட்டும் மாறவில்லை: ஒரு பக்கம் தமிழ் பேசும் வீடு, மறுபக்கம் தெலுங்கு பேசும் வீடு, இரண்டிலும் இரு மொழியும் புழங்கும். அக்கா என்றால் இரு மொழிக்காரருக்கும் அக்காதான், அண்ணாவும் அப்படியே. முறைசொல்லி அழைக்கும் இந்தப் பழக்கம் இன்னும் இருக்கும்போது 'ஹலோ சார்' என்று தொடங்குவது, இருவருக்கும் இடையே ஓர் அலுவலக மேசையைப் போடுவது மாதிரி. நாய்க்கும் பெயர் இருக்கிறது. மணி, டைகர், ஜூலி என்று எதுவாக இருந்தாலும், அந்த வீட்டார் அழைக்கும் பெயராலேயே குறிப்பிடுவது நல்லது. தாடிக்கொம்பு நிகழ்ச்சிக்குப் பிறகு இதை வெறும் நாசூக்கு என்று ஒதுக்க முடியாது.

சொல்ல வேண்டியதைத் தகவலாகவும் கவலையாகவும் சொல்லலாம்: "அக்கா, நீங்க கிளம்பின பிறகு பத்து மணிவாக்குல இருந்து மணி ரொம்ப நேரம் கத்திக்கிட்டே இருக்கான். தண்ணி கொட்டிடுச்சோ, வெயில்ல மாட்டிக்கிறானோன்னு தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னுதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். அம்மா நைட் தூங்கறதில்ல, பகல்லதான் கண்ணசர்றாங்க." இதில் குற்றச்சாட்டு இல்லை, நேரம் இருக்கிறது, காரணத்தின் ஊகம் இருக்கிறது, பாதிக்கப்படுகிறவர் யார் என்பதும் இருக்கிறது. இதற்கு மாறாக, மிகப் பணிவாகத் தோன்றும் ஒரு தொடக்கம் உண்டு: "ஆறு மாசமா சொல்லக் கூடாதுன்னு பொறுத்துக்கிட்டிருந்தேன்." இது பணிவு போலக் கேட்டாலும் கேட்பவருக்கு ஆறு மாதத்து வன்மத்தின் ரசீதாகவே போய்ச் சேரும். பொறுத்திருந்ததைச் சொல்லாமல் விடுவதே மேல்.

பதிலாக வரும் முதல் வாக்கியம் பெரும்பாலும் "வாயில்லா ஜீவன், அதுக்கு என்ன தெரியும்?" என்பதாக இருக்கும். வாயே பிரச்சினையாக இருக்கும் ஜீவனைப் பற்றி இப்படிச் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். "அதுக்குத் தெரியாதுதான்க்கா, நாமதான் ஏதாவது வழி பண்ணணும்" என்றால் பேச்சு தொடரும். இரண்டாவது வாக்கியம் "திருட்டு பயத்துக்குத்தான் வளர்க்கிறோம்" என்பது. இதற்கும் நேர்மையான மறுமொழி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் குரைக்கும் நாய் எதற்காகக் குரைக்கிறது என்று யாரும் எழுந்து பார்ப்பதில்லை. உண்மையில் திருடன் வந்த இரவிலும் பார்க்க மாட்டார்கள்.

இந்த ஊர்ப்பக்கத் தெருக்களில் நேர்ப்பேச்சைவிட ஜாடைப்பேச்சே வழக்கம். துணி உலர்த்தும்போது சுவருக்கு அப்பால் கேட்கும்படி, 'சில பேருக்கு மனுஷாளைவிட நாய்தான் உசத்தி' என்பது. குழந்தையைத் திட்டுவதுபோல் பக்கத்து வீட்டைத் திட்டுவது. இப்போது அதற்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் சேர்ந்திருக்கிறது: குரைப்பைப் பதிவு செய்து, பெயர் போடாமல், தெருவுக்கே போட்டுக் காட்டுவது. நேரில் சொன்ன குறைக்கு மன்னிப்புக் கேட்க இடம் உண்டு. ஜாடையில் சொன்னதற்கு, தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று ஒப்புக்கொள்ளாமல் மன்னிப்பே கேட்க முடியாது. அதனால் ஜாடை எந்தக் குரைப்பையும் நிறுத்தியதில்லை.

வாடகை வீடுகளில் விஷயம் இன்னும் நுணுக்கமானது. மாடியில் இருக்கும் வீட்டுக்காரரின் நாய் குரைத்தால் கீழே குடியிருப்பவர் சொல்லத் தயங்குவார். அட்வான்ஸ் பணம் அங்கே இருக்கிறது. குடியிருப்பவரின் நாய் குரைத்தால் அண்டை வீட்டார் அவரை விட்டுவிட்டு நேராக வீட்டுக்காரரிடம் போவார்கள். 'நாயை அனுப்பு, இல்லாவிட்டால் வீட்டைக் காலி பண்ணு' என்பதே அதன் விளைவு. நாய் வைத்திருக்கும் குடும்பத்துக்கு வேறு வாடகை வீடு கிடைப்பது கடினம் என்பதால், கடைசியில் நாய் ஏதாவது ஒரு சாலையோரத்தில் இறக்கிவிடப்படுகிறது. ஒரு வீட்டு நாய் தெரு நாயாவதற்கு இதுவும் ஒரு வழி. வளர்ப்பவரிடம் ஒருமுறையாவது நேரில் பேசாமல் வீட்டுக்காரரிடம் போவது, கேட்பதற்கு முன்பே தண்டனை வாங்கித் தருவது.

என்ன கேட்பது என்பதிலும் தெளிவு வேண்டும். 'குரைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பது நிறைவேற்ற முடியாத கோரிக்கை. கேட்டில் கட்டாமல் வீட்டின் பின்பக்கம் கட்ட முடியுமா, கம்பிக் கேட்டின் கீழ்ப்பாதியைத் தகரத்தாலோ பச்சை வலையாலோ மறைக்க முடியுமா, இரவு பத்து மணிக்கு மேல் உள்ளே விட்டுக்கொள்ள முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் 'பார்க்கலாம்' என்ற பதிலாவது வரும். பார்வையை மறைப்பது மலிவான வழி. அந்நியரைக் கண்டு குரைக்கும் நாய்க்கு அதுவே பாதித் தீர்வு. தனிமையால் குரைக்கும் நாய்க்கு அது உதவாது. அதற்குக் காலையிலும் மாலையிலும் நல்ல நடை வேண்டும். வீட்டார் கிளம்புமுன் களைத்து, சாப்பிட்டு, நிழலில் படுக்கும்படி செய்ய வேண்டும். பகலில் வீட்டிலிருக்கும் அண்டை வீட்டுப் பெரியவர் உரிமையாளரின் சம்மதத்தோடு ஒருமுறை தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தால், பல நாய்கள் அந்த ஆளைக் கண்டு குரைப்பதையே விட்டுவிடும். பழகிய வாசனைக்கு நாய் குரைப்பதில்லை. புகார் சொல்ல வந்தவரே பிஸ்கட் போடுகிறவராக மாறுவது சிலருக்குத் தோல்வியாகத் தோன்றலாம். தூக்கம் கிடைத்தால் சரி.

குரைக்கும் நாயைப் பார்த்து வீட்டார் கத்துவது பலன் தராது. தன்னோடு சேர்ந்து அவர்களும் குரைப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும். குரைத்தவுடன் பிஸ்கட் போட்டு அடக்குவது இன்னும் மோசம். குரல் ஓய்ந்த கணத்தில் கொடுத்தால்தான் ஓய்வதற்குக் கூலி என்று அது புரிந்துகொள்ளும். குரைப்பைப் பொருட்படுத்தாமல் விடத் தொடங்கினால் முதல் சில நாட்கள் அது கூடும், பிறகே குறையும். அந்தச் சில நாட்களில் அண்டை வீட்டார் மறுபடி வந்து சண்டையிட்டால் வீட்டார் பழைய வழிக்கே போய்விடுவார்கள். ஆகவே மூன்று, நான்கு வாரங்கள் தவணை கொடுப்பது நியாயம். மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டைகள் இணையத்தில் விற்கின்றன. வேல்ஸ் நாடு 2010இலேயே அவற்றைத் தடை செய்துவிட்டது. பயத்தால் குரைக்கும் நாய்க்கு வலியையும் சேர்த்தால் கடிக்கும் நாயாக மாற வாய்ப்பு உண்டு. திடீரென்று குரைக்கத் தொடங்கிய நாயைக் கால்நடை மருத்துவமனையில் காட்டுவது நல்லது. பெட்டைக்குக் கருத்தடை செய்துவிட்டால் பருவகால முற்றுகையும் ஓயும்.

சட்டம் இதற்கெல்லாம் பிறகுதான் வர வேண்டும். வந்தாலும் அது மெதுவாகவே நகரும். ஒலி மாசு (ஒழுங்குபடுத்துதல், கட்டுப்படுத்துதல்) விதிகள், 2000, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. நடுத்தர நாயின் குரைப்பு அருகில் 90 டெசிபலைத் தொடும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும் என்று வைத்தால், ஒரு மீட்டரில் 90 ஆக இருப்பது நான்கு மீட்டர் தள்ளியிருக்கும் சன்னலில் 78. வரம்பைவிட மிக அதிகம்தான். ஆனால், வரம்பு அந்தப் பொழுது முழுமைக்குமான சராசரி; விட்டு விட்டு வரும் குரைப்பு சராசரியில் கரைந்துபோகும். விதிகள் ஒலிபெருக்கி, ஹாரன், பட்டாசு, கட்டுமான இயந்திரம் ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பிராணிகளைப் பற்றி அவற்றில் பேச்சில்லை. இரைச்சலற்ற வாழ்வு அரசமைப்பின் 21ஆவது கூறில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் சொன்ன தீர்ப்பு பரந்த துணை. குறிப்பிட்ட ஒரு மணியின் வாயை அது கட்டாது.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 270ஆவது பிரிவு பொதுத் தொல்லையை வரையறுக்கிறது. 292ஆவது பிரிவின்படி அதற்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் தொல்லை என்றால் அது பொதுத் தொல்லை ஆகாது. சுற்றுவட்டாரத்தார் பொதுவாகப் பாதிக்கப்பட வேண்டும். நான்கைந்து வீட்டார் கையெழுத்திட்ட மனுவுக்கு மதிப்பு கூடுவது இதனால்தான். நாய் பாய்ந்து கடிக்கும் ஆபத்து இருந்து, உரிமையாளர் அலட்சியமாக இருந்தால் 291ஆவது பிரிவு பொருந்தும். அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. குரைப்பைக் கடியாகப் பெரிதாக்கி இந்தப் பிரிவைக் கேட்பது விசாரணையில் நிற்காது.

இன்னொரு கதவு பலர் கவனிக்காதது. மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960, 11ஆவது பிரிவு, அளவுக்கு மீறிக் குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதையும், வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடையும் ஓட்டமும் தராமல் விடுவதையும் குற்றம் என்கிறது. ஓயாக் குரைப்பின் காரணமும் பெரும்பாலும் இதுவே என்பதால், நாய்க்காகக் கேட்பதும் தூக்கத்துக்காகக் கேட்பதும் இங்கே ஒரே கோரிக்கையாகிவிடுகின்றன. முதல் குற்றத்துக்குப் பத்து முதல் ஐம்பது ரூபாய் அபராதம் என்பதுதான் அதன் பலவீனம். 1960இன் ரூபாய் அங்கே அப்படியே உறைந்து நிற்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் 1962இல் தொடங்கிய இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம் இது: குரைப்பைக் காரணம் காட்டிக் குடியிருப்புச் சங்கங்கள் நாய் வளர்ப்பைத் தடை செய்ய முடியாது; இரவில் நாயை அமைதியாக வைத்திருக்க வளர்ப்பவர் முயல வேண்டும். கேரள உயர் நீதிமன்றமும் 2021இல், வளர்ப்புப் பிராணிகளை ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் சங்க விதிகள் செல்லாது என்றது.

யாருக்கும் சொந்தமில்லாத தெரு நாய்கள் குரைத்தால் முறையீடு வேறு வழியில் போகும். விலங்கு கருத்தடை விதிகள், 2023, அவற்றைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போடும் பொறுப்பை உள்ளாட்சியிடம் தருகின்றன. மனு நகராட்சிக்குப் போக வேண்டும். சோறு வைக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சண்டை பிடிப்பதைவிட, வைக்கும் இடத்தை மாற்றச் சொல்வது எளிது.

பொறுமை இழந்தவர்கள் சிலர் சோற்றில் விஷம் வைக்கிறார்கள். பாரதிய நியாய சன்ஹிதா 325ஆவது பிரிவின் கீழ் இதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. குரைத்த நாய்க்கு ஆயிரம் ரூபாய், கொன்ற மனிதருக்கு ஐந்தாண்டு என்பதே இன்றைய சட்டத்தின் எடை. கல்லெறிவதும் வெந்நீர் ஊற்றுவதும் வதைச் சட்டத்தில் அடங்கும். இவை நடந்த பிறகு, அதுவரை நியாயத்தின் பக்கம் இருந்த வீடு குற்றவாளி வீடாகிவிடுகிறது.

பேச்சு இரண்டு, மூன்று முறை நடந்தும் பலன் இல்லையென்றால், இரு வீட்டாருக்கும் தெரிந்த ஒருவரை நடுவில் வைத்துப் பேசுவது அடுத்த படி: வார்டு கவுன்சிலர், ஓய்வுபெற்ற ஆசிரியர், உறவுக்காரர் யாராவது. அதுவும் முடியாவிட்டால் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். குடியிருப்போரின் அமைதியைக் கெடுக்கும் தகராறுகளுக்கென்றே சமூக மத்தியஸ்தம் என்ற வழியை மத்தியஸ்தச் சட்டம், 2023 வகுத்திருக்கிறது. அதன்பின் காவல் நிலையம், திங்கள்கிழமைதோறும் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம், பலரைப் பாதிக்கும் தொல்லையானால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152ஆவது பிரிவின் கீழ் திருத்தணி வருவாய்க் கோட்டாட்சியர். கோட்டாட்சியர் முதலில் நிபந்தனை உத்தரவு பிறப்பிப்பார். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் விசாரித்து உறுதி செய்வார் அல்லது விலக்கிக்கொள்வார். ஒரே வீட்டின் தொல்லைக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை வழக்கு மட்டுமே மிஞ்சுகிறது. நாய் ஒன்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். வழக்கும் அவ்வளவு காலம் நீளக்கூடியதே. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது அந்த நாள்காட்டித் தாளில் எழுதிய நேரங்களும், நேரில் எத்தனை முறை பேசினீர்கள் என்பதும்தான்.